வந்து போன வாதம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மார்கழியில் திருவெம்பாவைப் பூசைக்கு வந்த எங்கள் அயற் பெரியவர் ஒருவரின் வலக் கையிலிருந்து செம்பு நழுவி விழுந்தது. பேச்சுக் குழறிற்று. கால் மணித்தியாலத்துள் எல்லாம் பழையபடி சரியாயிற்று. "பனிக்குளிர், வாயு" என்றார் அவர். நாமும் இஞ்சி போட்ட தேநீர் கொடுத்து வீட்டில் விட்டு வந்தோம். மறுநாள் விடியுமுன் அந்தக் கை மீண்டும் சோர்ந்தது, இம்முறை எழவில்லை. இப்போது அவருக்குத் திருநீறு பூசிவிடுபவர் அவர் மகள்.

பாரிசவாதம் என்றால் நம்மூரில் எவரும் அஞ்சுவர். ஆனால் வந்து போய்விடும் அதன் முன்னறிகுறிக்கு வீட்டு வழக்கில் பெயரே கிடையாது. பெயரில்லாததற்கு யார் அஞ்சுவார்? 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் இன்றிருந்தால் ஒரு நல்ல சொல் ஆக்கித் தந்திருப்பார். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாயைச் சிறு இரத்தக்கட்டி ஒன்று அடைத்து, சற்று நேரத்தில் கரைந்து விடுகிறது. கரைந்தது கட்டி மாத்திரமே. அதனை உண்டாக்கிய காரணம் உள்ளேயே இருக்கிறது. ஆதலால் அடுத்த இரண்டு நாட்களே மிகவும் ஆபத்தானவை.

அந்த ஆபத்தை அளக்கும் கணக்கொன்று 2007இல் 'லான்செற்' சஞ்சிகையில் வெளியாயிற்று. வயது 60 அல்லது அதற்கு மேலாயின் 1 புள்ளி. இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டினால் 1. உடலின் ஒரு பக்கம் சோர்ந்தால் 2. சோராது பேச்சு மட்டும் குழறினால் 1. ஒரு மணித்தியாலம் நீடித்தால் 2; பத்து நிமிஷத்துக்கு மேல், ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்டால் 1. சீனி வருத்தத்துக்கு 1. மொத்தம் 7. ஆறும் ஏழும் பெற்றவர்களில் நூற்றுக்கு எண்மர் அளவில் இரண்டு நாளுள் பாரிசவாதம் கண்டனர். மூன்றும் அதற்குக் குறைவும் பெற்றவர்களில் நூற்றுக்கு ஒருவர். நாமும் நம் பெரியவருக்குக் காலந்தாழ்த்திக் கூட்டிப் பார்த்தோம்: வயது 1, கை 2, நேரம் 1, சீனி வருத்தம் 1, ஆக 5. இரத்த அழுத்தத்தை அன்று எவரும் அளக்கவில்லை.

ஆனால் இக்கணக்கைத் திண்ணையிலிருந்து கூட்டி, "மூன்றுதானே" என்று படுத்துறங்கலாகாது. நூற்றில் அந்த ஒருவர் யாரென்று அது சொல்லாது. கழுத்துக் குருதிக் குழாயின் அடைப்பையும் இருதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தையும் அது பார்ப்பதேயில்லை. அதனாற்றான் பிரித்தானிய வைத்திய வழிகாட்டி 2019இல் புள்ளிக் கணக்கை ஒதுக்கிவிட்டு, அண்மையில் இக்குணம் கண்ட எவரையும் 24 மணித்தியாலத்துள் விசேட வைத்தியர் பார்க்க வேண்டுமென்றது. ஒக்ஸ்போர்ட்டில் நடந்து 2007இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், தாமதமின்றிச் சிகிச்சை தொடங்கியபோது, பின்தொடரும் வாதம் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது.

வாகனத்துக்குக் காசில்லை என்ற சாட்டும் செல்லாது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் 2018 முதல் வடக்கிலும் இலவசமாக ஓடுகிறது. அது வருமுன் அஸ்பிரின் கொடுக்கலாமா என்று தம்பி ஒருவர் கேட்டார். அதனை வைத்தியரே தீர்மானிக்கட்டும். மூளையில் இரத்தக் கசிவாயின் அதுவே கேடாகும். நீங்கள் கொண்டுபோக வேண்டியவை இரண்டு: அவர் உண்ணும் மருந்துகளின் துண்டு, கை சோர்ந்த நேரம்.