குறி சொல்வோரும் வழி சொல்வோரும்

(எஹலியகொடவில் தோட்டத் தொழிலாளர், சிறு விவசாயிகள், ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர் ஆகியோர் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களுட் சிலர் முகஞ்சுளித்ததை மேடையிலிருந்தே கண்டோம். அரசியல் பேச வந்தவர்கள் சோதிடம் பேசலாமா என்ற ஐயம் அது. பேசலாம், பேசவும் வேண்டும். இந்தச் சபரகமுவ மண்ணில் நாள் பார்க்காமல் நடப்பது எது? மாணிக்கக் குழிக்கு முதல் மண்வெட்டி போடுமுன் நேரம் பாராத முதலாளி அரிது. சிங்கள அயலவர் நெக்கத்து என்பர். நாம் முகூர்த்தம் என்போம். சொல்தான் வேறு, பஞ்சாங்கத்தின் முன் கைகட்டி நிற்பதில் இரு சாராரும் ஒரு தாய் மக்களே!

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதித் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டா. பால்வெட்டும் தொழிலாளி ஒருவரின் மகள் சாதாரண தரப் பரீட்சையிற் சித்தியடைந்தாள். அந்த லயத்தில் அதற்கு முன் எவரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. உயர்தர வகுப்பிற் சேர்க்குமுன் தகப்பனார் நகரத்துச் சோதிடர் ஒருவரிடம் குறிப்பை எடுத்துச் சென்றார். அவர் விரலை மடக்கி எண்ணிவிட்டு, அட்டமச் சனி தொடங்குகிறது, இரண்டரை ஆண்டு புதிதாக எதையும் தொடங்கலாகாது, மீறினால் பெற்றவர் உயிருக்கு ஆகாது என்றார். கூடவே பரிகாரமும் சொன்னார். பரிகாரத்துக்குத் தாயின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. பிள்ளையின் புத்தகங்கள் தகரப் பெட்டிக்குள் போயின.

இரண்டு மாதம் கழித்து, அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்த, கைபார்த்துக் குறி சொல்லும் கிழவியொருத்தி அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். தகப்பனாரைக் கூப்பிட்டாள். “தம்பி, இந்தக் கையில பால்கத்தியக் குடுத்துறாதே. பேனா நிக்கிற கைடா இது. நீ அனுப்பாட்டி பாவம் ஒனக்குத்தான்” என்றாள். வெற்றிலையும் ஒரு ரூபாயும் வாங்கிக்கொண்டாள், அவ்வளவே. மறுவாரம் பிள்ளை பள்ளிக்கூடம் போனாள். இன்று அவளே ஓர் ஆசிரியை.

கிழவிக்குக் கிரகங்கள் தெரிந்திருந்தன என்று நாம் சொல்ல வரவில்லை. அதே வீட்டு மகன் கையில் மாணிக்கம் ஏறும் என்றும் அவள் சொல்லியிருந்தாள். அவன் குழியிற் பல காலம் இறங்கி வேலை செய்தான். கையில் ஏறியது காய்ப்பு மட்டுந்தான்! ஆனால் அந்தப் பிள்ளை விளக்கு வெளிச்சத்திற் படித்ததைக் கிழவி இரவிரவாகக் கண்டவள். சோதிடர் கண்டது கட்டங்களை. கிழவி கண்டது பிள்ளையை.

கோள்கள் மனிதன் தலையெழுத்தை எழுதுகின்றன என்பதை நாம் ஏற்பவர்கள் அல்லர். கேரளத்திற் பிறந்து, யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகத் தொடங்கி, இந்நாட்டிலேயே வாழ்ந்து 1978 இல் மறைந்த டாக்டர் ஆபிரகாம் கோவூர், தம் நிபந்தனைக்கு உட்பட்டுச் சோதனையில் வெல்லும் சோதிடருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக அறைகூவல் விடுத்திருந்தார். அவர் சாகும்வரை அந்தப் பணம் அவரிடமேதான் இருந்தது. ஆயினும், நம்புகிற தாய்மாரை ஏளனஞ் செய்ய நாம் இங்கு வரவில்லை. நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஒருவர் வருங்காலத்தைப் பற்றி நமக்குச் சொன்னபின் நம் கைகள் கட்டுண்டனவா, அவிழ்ந்தனவா என்பதே அக்கேள்வி.

1962 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத் தொடக்கத்தை முதியோர் நினைவில் வைத்திருப்பர். ஏழு கோள்களும் கேதுவும் மகர ராசியில் ஒன்று கூடுகின்றன, அட்டக்கிரகச் சேர்க்கை, உலகம் அழியப்போகிறது என்று பாரதம் முழுவதும் பேரச்சம் பரவிற்று. ஊருக்கு ஊர் வேள்வி நடந்தது. ஏழை வாயிற் படாத நெய் குடங்குடமாக நெருப்பில் விழுந்தது. நேரு நகைத்தார், அவர் நகைப்பைக் கேட்டவர் சிலரே. பெப்ரவரி 5 கழிந்தது. 6 ஆம் நாளும் சூரியன் உதித்தான். அழிவை முன்னுரைத்தவர் எவரும் வேள்விக் கணக்கைத் திருப்பிக் கொடுத்ததாக நாம் அறியோம்.

அதற்கு ஏறத்தாழ இரண்டேமுக்கால் ஆண்டுக்குப் பின் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் புதுடில்லியில் இரண்டு பிரதமர்கள், சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும், ஓர் ஒப்பந்தத்திற் கையெழுத்திட்டனர். 9,75,000 மக்கள் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டார்கள். பத்தாண்டுக்குப் பின் அவர்களையும் பாதிக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணன் ஒரு கரை, தம்பி மறு கரை! இந்த எஹலியகொடப் பக்கத்திலும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும் அந்தப் பிரிவை அறியாத குடும்பம் உண்டா? எந்தக் கிரகம் எந்த ராசியிற் சேர்ந்ததால் அது நேர்ந்தது? எட்டுக் கோள்கள் கூடியபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேனாக்கள் கூடியபோது ஊரே இரண்டாயிற்று. வானத்தைப் பார்த்து நடுங்கிய நாம் மேசையைப் பார்க்கத் தவறினோம்.

தமிழன் பழைய நாளில் குறி கேட்டான். ஆனால் எதைக் கேட்டான்? பத்துப்பாட்டிலே முல்லைப்பாட்டு என்றொன்று உண்டு. போருக்குப் போன தலைவன் திரும்பவில்லை, தலைவி வாடுகிறாள். வீட்டுப் பெருமுதுபெண்டிர் நெல்லும் முல்லை மலரும் கொண்டு மாலை வேளையில் ஊர்ப்புறம் சென்று நற்சொல்லுக்காகக் காத்து நிற்கின்றனர். விரிச்சி கேட்டல் என்று இதற்குப் பெயர். அங்கே ஓர் இடைமகள், தாயைக் காணாது துள்ளும் கன்றைப் பார்த்து, உன் தாயர் இப்போது வந்துவிடுவர் என்று தேற்றுகிறாள். அந்தச் சொல்லையே பெருமுதுபெண்டிர் தமக்குரிய நற்சொல்லாக எடுத்துக்கொண்டு மீள்கின்றனர். அவர்களுக்கு நம்பிக்கை தந்தது பஞ்சாங்கமன்று. குளிரில் நின்ற ஒரு மாட்டுக்காரப் பெண், தன் முன் நின்ற உயிரின் துன்பம் பொறாமற் சொன்ன அன்புச் சொல். குறவஞ்சி நாடகங்களில் வரும் குறத்தியும் அவ்வாறே; தலைவியின் கையைப் பார்த்து, நீ நினைத்தது கைகூடும் என்றே சொல்வாள். சனி பிடித்திருக்கிறது, தோட்டைக் கழற்று என்று சொல்லும் குறத்தியை நாம் எந்தக் குறவஞ்சியிலும் கண்டதில்லை.

ஆனால், நல்லதே சொல்பவரெல்லாம் நல்லவர் என்று எண்ணிவிடாதீர்கள். முகமனாகச் சொல்வது வேறு, நம்பிக்கை ஊட்டுவது வேறு. இந்நாட்டின் ஜனாதிபதியாயிருந்த மகிந்த ராஜபக்ச, பதவிக்காலம் ஏறத்தாழ இரண்டாண்டு எஞ்சியிருக்கவே, தம் சோதிடரின் சொற்படி நாட் குறித்துத் தேர்தலுக்குப் போனார். வெற்றி நிச்சயம் என்றார் சோதிடர். 2015 ஜனவரி 8 அந்த நாள். அன்று அவர் தோற்றார். அவரது ஆட்சியில், 2009 இல், ஆட்சி கவிழும் என்று சொன்ன சோதிடர் ஒருவரைப் பொலிசார் பிடித்தனர். 2017 இல், ஜனாதிபதி சிறிசேன இன்ன நாளுக்குள் இறப்பார் என்று சொன்ன ஒருவரும் கைதானார். அரசனுக்கு இனிக்கச் சொன்னால் பதவி. கசக்கச் சொன்னால் சிறை! இப்படிப்பட்ட கடையில் விற்கப்படும் நம்பிக்கையை விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறோம்.

அப்படியானால் நாம் மதிக்கும் குறிகாரர் யார்? பாரதியார் ஒருவரைப் படைத்துத் தந்திருக்கிறார். ‘புதிய கோணங்கி’ என்பது அதன் பெயர். வேதபுரத் தெருவிலே புதுமாதிரியான குடுகுடுப்பைக்காரன் ஒருவன் வருகிறான். தனி வீட்டுக்குத் தனிப்பலன் சொல்லாமல் ஊருக்கே பலன் சொல்கிறான். சாதிச் சண்டை ஒழியும், கல்வி வளரும், உழைப்பவன் நன்றாக வாழ்வான் என்று உடுக்கை தட்டிச் சொல்கிறான். பாரதியார் துன்பத்தை அறியாமலா இதைப் பாடினார்? பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டை எண்ணி அழுதவர் அவரே. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்ல காலத்தைச் சொன்னார். அந்த நல்ல காலத்தின் அடையாளங்கள் எல்லாம் மனிதர் செய்யக்கூடிய காரியங்கள். ஒன்றையேனும் சனியோ வியாழனோ வந்து செய்து தரவேண்டியதில்லை.

பாரதியார் பாட்டிற் படைத்ததை நம் தோட்டங்களில் நடத்திக் காட்டியவர்கள் கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மையும். 1887 இல் தஞ்சைப் பகுதியிற் பிறந்த நடேசய்யர் இந்நாட்டுக்கு வந்து, தேசநேசன், தேசபக்தன் முதலிய ஏடுகளை நடத்தினார். தோட்டத்தினுள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் என்று பிடிக்கும் காலம் அது. ஆகவே துணி வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களுக்குள் சென்றார் என்பது மலையகம் இன்றும் சொல்லும் செய்தி. (குடுகுடுப்பைக்காரன் வேடம் போட்டிருந்தால் இன்னும் எளிதாயிருந்திருக்கும் என்று நாம் எண்ணுவதுண்டு. குறிகாரனைத் தடுத்த துரையைப் பற்றி நாம் கேள்விப்பட்டதில்லை. குறிகேட்கும் தொழிலாளியால் துரைக்கு என்ன கெடுதி?) கடனும் கங்காணியும் துரையும் மாற்ற முடியாத விதி என்று நம்பியிருந்த மக்களுக்கு, அவை மனிதர் போட்ட கணக்கு, மனிதரால் மாற்றத்தக்கவை என்றார். சட்டத்தைத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதிக் கொடுத்தார். 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் கண்டார். 1936 இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். மீனாட்சி அம்மையோ மேடைகளில் தாமே பாடினார். மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளில் அவர்களது நிலைமையைப் பாட்டாக்கி, அப்பாட்டுகளை 1940 இல் நூலாகவும் வெளியிட்டார்.

அவர்கள் சொன்ன நல்ல காலம் வந்ததா என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், உடனே வரவில்லை. நடேசய்யர் 1947 இல் மறைந்தார். மறு ஆண்டே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. சோதிடராயிருந்திருந்தால் அவர் பொய்த்தார் என்று ஊர் சிரித்திருக்கும். ஆனால் சங்கங் கூடவும், மனு எழுதவும், வேலைநிறுத்தஞ் செய்யவும், வாக்குக் கேட்கவும் கற்ற மக்கள் அதை மறந்துவிடவில்லை. நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்க 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியபோது ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஏழரை ஆண்டுகளை ஏழு முறை அடுக்கினாலும் நிரம்பாத காலம் அது! சனி விலகட்டும் என்று அவ்வளவு காலமும் சும்மா இருந்திருந்தால் 2003 வந்திருக்குமா?

நுவரெலியாவில் நம்மவர் திரளாக வாழ்கின்றனர். சபரகமுவவில் நாம் சிதறி வாழ்கிறோம். ஒரு தோட்டம், நடுவே சிங்களக் கிராமம், அப்பால் மற்றொரு தோட்டம். சிதறி வாழ்பவனிடம் அச்சத்தை விற்பது எளிது. அவனுக்குப் பக்கத்திலிருந்து நற்சொல் சொல்ல ஆளில்லை. ஆகவேதான் இங்குள்ள ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர் ஆகியோரிடம் ஒன்று கேட்கிறோம். நீங்கள் அந்த லயங்களிலிருந்து வந்தவர்கள். மாதம் ஒருமுறை திரும்பிச் சென்று அந்த வாசலில் உட்காருங்கள். எந்தப் பிள்ளையின் புத்தகம் பெட்டிக்குள் போயிருக்கிறதென்று கேளுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லி அமர்கிறோம். நம் வீடுகளில் ஜாதகக் குறிப்பு இருக்கிறது. பிறந்த நாழிகை, விநாடி வரை அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அதே பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாத வீடுகளும் உண்டு. கிரகங்களிடம் பதிந்தோம், பதிவாளரிடம் பதியவில்லை. கூட்டம் முடிந்தபின் பின்வரிசையில் இரண்டு ஆசிரியர்கள் மேசை போட்டு இருப்பார்கள். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் அவர்களிடம் சென்று விண்ணப்பம் எழுதிக்கொள்ளுங்கள். ஜாதகக் குறிப்பு கையிலிருந்தால் அதையும் கொண்டு போங்கள். பிறந்த தேதியைப் பார்த்து எழுத உதவும். இரவு எட்டு மணிவரை அவர்கள் இருப்பார்கள். இராகு காலம் பார்க்க வேண்டியதில்லை.