உடன்போக்கு: பாரிஸிலிருந்து மார்செய்க்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பயண இலக்கியம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்தார். பயண நூல்கள் பெரும்பாலும் தனி ஒருவரின் குரலில் அமைந்தவை. உடன் வந்தவர் இரண்டொரு பக்கங்களில் தலைகாட்டி மறைந்துவிடுவார். மனைவியாயின் அதுவும் இல்லை. முன்னுரையில் ஒரு நன்றியோடு சரி. ஆகவே, கணவனும் மனைவியும் சேர்ந்து பயணம் செய்து, சேர்ந்தே எழுதிய ஒரு நூலைப் பற்றிப் பேச எண்ணினேன். அர்ஜென்டினாவின் எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தஸாரும் அவர் மனைவி கரோல் டன்லப்பும் எழுதிய நூல் அது. 1983இல் வெளிவந்தது. ஆன் மக்லீனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2007இல் வந்தது. அதன் வழியாகவே நான் அறிந்தேன்.

பாரிஸிலிருந்து மார்செய்க்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர். சூரியனின் பெயரால் வழங்கும் நெடுஞ்சாலை அது. காலையில் பாரிஸில் புறப்பட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு மார்செய் போய்விடலாம். இத்தொலைவைக் கடக்க இவ்விருவரும் எடுத்துக்கொண்டது 33 நாள். ஆண்டு 1982. கொர்த்தஸார் 1914இல் பிறந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். கரோல் 1946இல் பிறந்தவர். எழுத்தாளர், புகைப்படம் எடுப்பவர். வாகனம் ஒரு சிவப்பு வோக்ஸ்வாகன் வேன். இருக்கையை விரித்தால் படுக்கை. உள்ளேயே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. கேம்பர் என்பார்கள். வாக்னரின் இசை நாடகத்தில் புதையலைக் காத்துக் கிடக்கும் டிராகனின் பெயரை, ஃபாஃப்னர் என்பதை, அதற்குச் சூட்டியிருந்தார்கள்.

பயணத்துக்கு அவர்கள் விதித்துக்கொண்ட விதிகள் எளியவை. மார்செய் சேரும்வரை நெடுஞ்சாலையை விட்டு ஒருமுறையும் வெளியேறக் கூடாது. வழியிலுள்ள ஓய்விடங்கள் எதையும் விடாமல், நாளுக்கு இரண்டு வீதம் தங்க வேண்டும். இரண்டாவதில் இரவைக் கழிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்தையும் ஆராய்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பழைய கடலோடிகளைப் போல முடிவில் நூல் எழுத வேண்டும்.

கணக்கிட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 25 கிலோமீட்டர்கூட வரவில்லை. நம் அகப்பாடல்களில் பாலைவழி நடந்துபோன தலைவனும் தலைவியும்கூட இவர்களை முந்தியிருப்பார்கள்!

வேடிக்கையாகச் சொன்னாலும் ஒப்புமை என் மனத்தை விட்டு அகலவில்லை. உடன்போக்குப் பாடல்களில் கண்டோர் கூற்று என்று ஒன்று உண்டல்லவா? எதிரே வருபவர்கள் இவ்விருவரையும் பார்த்து, இவர்கள் யாரோ என்று வியப்பார்கள். இந்நூலிலும் கண்டோர் உண்டு: லாரி ஓட்டுநர்கள், கால் மணி நேரம் இறங்கி நின்று சோற்றுப் பொதியை முடித்துக்கொண்டு பறக்கும் விடுமுறைக் குடும்பங்கள். போக வேண்டிய சாலையில் போகாமல், பூப்போட்ட மடக்கு நாற்காலிகளை விரித்துத் தட்டச்சுப் பொறியோடு உட்கார்ந்திருக்கும் இணையரை அவர்கள் ஐயத்தோடு பார்க்கிறார்கள். அந்த நாற்காலிகளுக்கு 'பூத்த கொடூரங்கள்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இப்படி எதற்கும் பெயரிடுவது இணையர்க்கே உரிய மொழி. அவர் ஓநாய், இவர் கரடிக்குட்டி.

இதில் இன்பம் எது, இடர் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். சில ஓய்விடங்களில் மரநிழல் உண்டு, புல்வெளி உண்டு. மரத்தடியில் ஆளுக்கொரு மேசை போட்டு எழுதலாம். சிலவற்றில் வெயில் காயும் தார்த்தளமும் கழிப்பறையும் தவிர வேறில்லை. ஆயினும் விதி விதிதான். பிடிக்கவில்லை என்று அடுத்த இடத்துக்கு ஓட முடியாது. இரவெல்லாம் லாரி இரைச்சல். புதிய காய்கறிக்கும் பழத்துக்கும் நண்பர்கள் வண்டியெடுத்து வந்து தந்தால்தான் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே தீரவேண்டிய சில சதுர அடி இடம். வீட்டில் ஊடினால் அடுத்த அறைக்குப் போகலாம். வேனுக்கு அடுத்த அறை ஏது? கதவைத் திறந்தால் நெடுஞ்சாலை.

இங்கே நூலின் மீது எனக்கொரு குறை உண்டு. ஒரு மாதத்துக்கு மேல் அந்தப் பெட்டிக்குள் வாழ்ந்த இருவரிடையே சினமே எழவில்லை என்றால் நம்ப முடியவில்லை. வெயிலும் இரைச்சலும் எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு ஊடல் எழுதப்படவில்லை. மருதம் இல்லாத அகத்திணை போல இருக்கிறது. அறிவியல் ஆய்வைப் பகடி செய்யும் பகுதிகளும் சில இடங்களில் நீண்டு சலிப்பூட்டுகின்றன. ஆனால் நாட்குறிப்புப் பக்கங்கள் அப்படியல்ல. காலையில் உண்டது, நண்பகலில் உண்டது, வெப்பநிலை, வண்டியின் முகம் எத்திசை நோக்கி நின்றது என்பவை மட்டுமே அவற்றில் இருக்கும். முதலில் விளையாட்டாகத் தோன்றும். பத்து நாள் கடந்தபின், இவ்வளவு சிறியவற்றை ஏன் இவ்வளவு கவனமாக எண்ணிவைக்கிறார்கள் என்று நெஞ்சு உறுத்தத் தொடங்கும்.

அதற்குக் காரணம் உண்டு. 1981இல் கொர்த்தஸார் வயிற்றில் குருதிப்பெருக்கு ஏற்பட்டுச் சாவின் விளிம்புவரை போய் மீண்டிருந்தார். கரோலின் உடல்நிலையும் சீராக இல்லை. பல ஆண்டுகளாக எண்ணி எண்ணித் தள்ளிப்போட்ட பயணம் இது. காலம் குறைவாக இருப்பவர்கள் விரைவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். இவர்களோ பகல் ஒன்றில் கடக்கக்கூடிய சாலையை ஒரு மாதத்துக்கு மேல் நீட்டினார்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே சாலையை வைத்துக் கொர்த்தஸார் முன்பே ஒரு சிறுகதை எழுதியிருந்தார். 1966இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. பாரிஸுக்குத் திரும்பும் வண்டிகள் நெரிசலில் நாட்கணக்கில் சிக்கிக்கொள்கின்றன. தண்ணீரைப் பங்கிடுகிறார்கள், ஒருவர் இறக்கிறார், இருவரிடையே காதல் மலர்கிறது. திடீரென வண்டிகள் நகர்கின்றன. அவரவர் வரிசை வெவ்வேறு வேகத்தில் ஓட, காதலர் ஒருவரையொருவர் இழக்கிறார்கள். கதையில் நின்றுபோனது விபத்து, வேகம்தான் பிரிவு. 16 ஆண்டுகளுக்குப் பின் அதே சாலையில், எதிர்த்திசையில், ஆசிரியரே விரும்பி நின்று நின்று போகிறார், ஒரே வண்டியில், மனைவியோடு. தம் கதைக்குத் தாமே எழுதிய மறுப்பு என்று நான் இப்பயணத்தைக் கருதுகிறேன். நண்பர்கள் மாறுபடலாம்.

பயணம் முடிந்ததும் இருவரும் நிகரகுவா சென்றார்கள். அங்கே கரோல் நோயுற்றார். பாரிஸ் திரும்பி, 1982 நவம்பர் 2ஆம் நாள் காலமானார். வயது 36.

நூல் அப்போது முடிந்திருக்கவில்லை. எஞ்சிய பணியைக் கொர்த்தஸார் தனியே செய்தார். கரோல் எழுதியது பிரெஞ்சில். அப்பக்கங்களை ஸ்பானியத்துக்கு மாற்றியவர் கொர்த்தஸார். கரோலின் மகன் ஸ்டெபான் ஓய்விடங்களுக்கு வரைபடங்கள் வரைந்து தந்தார். இங்கு அமர்ந்திருக்கும் கவிஞர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: மனைவியை இழந்த ஒருவர், தாம் சிரித்துக்கொண்டே எழுதிய பக்கங்களைத் திரும்பத் திறக்கும்போது என்ன செய்வார்? அங்கங்கே ஒரு பெருமூச்சைச் செருகுவார். மகிழ்ச்சியான வரிகளின்மேல் கருமை பூசுவார். கொர்த்தஸார் அதைச் செய்யவில்லை. ஓய்விடங்களின் வெயில் அப்படியே காய்கிறது. கரடிக்குட்டி நாற்காலியில் அமர்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள். சாவுச் செய்தியைக் கடைசியில் ஒரு பின்குறிப்புக்கு ஒதுக்கிவைத்தார். நூலின் வருவாய் நிகரகுவா மக்களுக்கென்று அளிக்கப்பட்டது.

1984 பிப்ரவரி 12ஆம் நாள் அவரும் மறைந்தார். பாரிஸில் மோன்பர்னாஸ் இடுகாட்டில் கரோலின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.