பேயல்ல, பயமே!
(வரிச்சிக்குடிக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பயமே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. பாம்பைக் கண்டால் நெஞ்சு படபடப்பதும், கால் ஓட முந்துவதும் நம்மைக் காப்பதற்காக உடம்பு செய்கின்ற வேலையேயாகும். ஆனால் பாம்பே இல்லாத இடத்திலும் மாதக்கணக்கில் அப்படபடப்பு நீங்காமல், தூக்கத்தையும் தொழிலையும் கெடுக்குமானால் அது வியாதியாகும்.

2004 டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி, பக்கத்திலுள்ள கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி முதலிய ஊர்களைச் சூறையாடிற்று. அலை அன்றே திரும்பிப் போய்விட்டது. ஆனால் அதைக் கண்டவர்களில் பலருடைய மனத்தைவிட்டு அது சுலபத்தில் போகவில்லை. இவர்களை எந்தப் பேய் பிடித்தது?

இவ்வியாதியில் பல வகையுண்டு. காரணமின்றி ஓயாது கவலைப்படுவது ஒன்று. நாலு பேர் முன் வாய் திறக்க நடுங்குவது மற்றொன்று. இன்னொன்று, திடீரென்று மூச்சு முட்டி, மார்படைத்து, இதோ செத்தோம் என்று தோன்றுவது. இது சில நிமிஷங்களில் உச்சத்திற்கேறிப் பிறகு தானே தணியும். மந்திரவாதி வேப்பிலையோடு வந்து சேருவதற்கும் அது தணிவதற்கும் சரியாயிருக்கும். தானே விட்ட மழைக்கு அவன் கூலி வாங்கிக்கொண்டு போகிறான்! மாரடைப்புக்கும் இதே குறிகள் உண்டாகையால் முதலில் வைத்தியரிடமல்லவா ஓட வேண்டும்?

மனோவியாதியைப் பேயென்பதன் பலன் என்ன? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் வெந்தார்கள். 28 உயிர் போயிற்று. கோவிலானாலென்ன, தர்காவானாலென்ன, மாதாகோவிலானாலென்ன, சங்கிலி சங்கிலிதானே! அப்படிக் கட்டுவதை 2017-ம் வருஷத்துச் சட்டம் அடியோடு தடுக்கிறது. சர்க்கார் செலவில் மனோவியாதிக்கு வைத்தியம் பெறுவதை உரிமையாகவும் ஆக்கியிருக்கிறது.

வைத்தியமும் கஷ்டமானதல்ல. பயந்ததைவிட்டு ஓட ஓடப் பயம் வளரும். தக்கவர் துணையோடு சிறுகச் சிறுக அதை நெருங்கினால் குறையும். தேவையானால் மருந்துமுண்டு. சாராயம் மருந்தல்ல, இன்றிரவு அடக்கிய பயத்தை நாளைக் காலையில் இரட்டிப்பாக்கித் தரும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் தமிழிலேயே யோசனை கேட்கலாம்.

ஆகவே தோழர்களே, வீட்டில் ஒரு பெண் நடுங்கினால் அவளுடைய மயிரைப் பிடித்து ஆட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “என்னம்மா செய்கிறது?” என்று கேளுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். காய்ச்சலுக்கு வெட்கப்படாத நாம் இதற்கு மாத்திரம் ஏன் வெட்கப்பட வேண்டும்?