நடுவீட்டுத் திறவுகோல் யார் கையில்?

(இலத்தூரில் நடைபெற்ற தனித்தமிழ் அன்பர் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



என் உரையின் பொருளை அவைத்தலைவர் அறிவித்தபொழுது முன்வரிசையில் சிலர் முறுவலித்ததைக் கண்டேன். திறன் தொலைக்காட்சியில் அருகலைக் கடவுச்சொல்லை மீட்பதும் மாற்றுவதும் ஒரு தமிழாசிரியன் பேசுதற்குரிய பொருளா? யாப்பும் அணியும் பேசவேண்டிய வாய், மின்கருவி பழுதுபார்ப்பவன் பேச்சைப் பேசுவதா? அவர்கள் எண்ணம் அதுவாகத்தான் இருக்கும்.

தோழர்களே, 1916ஆம் ஆண்டு மறைமலையடிகளார் தொடங்கிவைத்த இத் தனித்தமிழ் இயக்கம் நூறாண்டைக் கடந்துவிட்டது. கோயிலில் தமிழ் கேட்டோம், வழக்குமன்றத்தில் தமிழ் கேட்டோம், ஆட்சியிலும் பள்ளியிலும் கடைப்பலகையிலும் தமிழ் கேட்டோம், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆனால், நம் நடுவீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டு நாள்தோறும் நாலைந்து மணிநேரம் நம்மோடு பேசுகின்ற கருவியிடம் தமிழ் கேட்டோமா? கேட்கவில்லை. கேட்கலாம் என்பதுகூட நம்மில் பலர்க்குத் தெரியாது. மேடையில் தமிழ் முழங்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தொலைவியக்கியைக் கையிலெடுத்தவுடன் ஆங்கிலத்துக்கு அடங்கி அமர்ந்துவிடுகிறோம். அதனால்தான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கம்பியின்றி வீட்டெல்லைக்குள் இணையத்தைப் பரப்பும் அலையை ஊரார் வைஃபை என்கின்றனர். நாம் அருகலை என்கிறோம். அருகே மட்டும் எட்டும் அலை அருகலை. சொல்லே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. ஊரார் மோடம் என்றும் ரூட்டர் என்றும் சொல்லும் பெட்டி திசைவி. வந்த செய்தியை இன்ன கருவிக்கு இது என்று திசைப்படுத்தி விடுவதால் அப்பெயர். கடவுச்சொல் என்பதில் கடவுளைத் தேடவேண்டா. கட என்னும் வேரிலிருந்து பிறந்தது கடவு. கடந்து செல்லும் வழி என்று பொருள். ஆரியங்காவு வழியாக மலைக்கு அப்பால் இறங்கினால், ஆற்றைக் கடக்கும் துறையைக் கடவு என்றே மலையாளத்தார் இன்றும் சொல்லக் கேட்கலாம். நம் பழஞ்சொல்லை அவர்கள் ஆற்றங்கரையில் காத்து வைத்திருக்கிறார்கள். நாம் மின்வாயிலில் நட்டிருக்கிறோம். நல்ல ஆக்கம்தான்.

இனி, நம் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எழுபது அகவையைக் கடந்த ஆச்சி ஒருவர். பெரியபுராணத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தாமே படித்துப் பொருள் சொல்லக்கூடியவர். மாலை விளக்கேற்றியவுடன் தொலைக்காட்சியில் இணையவழித் தேவாரம் கேட்பது அவர் வழக்கம். ஐப்பசி இடிமழையில் திசைவி பழுதுபட்டது. இணைப்புக்காரர் புதுத்திசைவி ஒன்றை மாட்டிவிட்டுப் போய்விட்டார். புதுத்திசைவிக்குப் புதுப்பெயர், புதுக் கடவுச்சொல். தொலைக்காட்சியோ பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தைக் காட்டி நின்றது. "ஐயா, பெட்டி என்னமோ கேக்குது, என்ன கேக்குதுன்னுதான் தெரியல" என்றார் ஆச்சி என்னிடம் பின்னாளில். திருப்பூரிலிருந்து மகன் வந்து சரிசெய்யும்வரை இருபது நாள் அவர் வீட்டில் தேவாரம் இல்லை. அந்தக் கடவுச்சொல் எங்கே இருந்தது தெரியுமா? திசைவியின் அடிப்பக்கத்திலேயே சிறு தாளில் அச்சிட்டு ஒட்டப்பட்டிருந்தது!

அவரைப் படிப்பறியாதவர் என்று யார் சொல்ல முடியும்? சேக்கிழாரைப் படிக்கும் கண்ணுக்கு அந்த ஒட்டுத்தாள் எட்டவில்லை என்றால் குறை கண்ணில் இல்லை. கற்றவரைக் கல்லாதவராக்கும் பொறி ஒன்று நம் வீட்டுக்குள் நம் பணத்திலேயே வந்து அமர்ந்திருக்கிறது.

ஆகவே, செய்முறையை இன்று தமிழிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். முதலில் ஒரு குழப்பத்தை நீக்கவேண்டும். கடவுச்சொல் ஒன்றன்று; மூன்று இருக்கின்றன. அருகலைக்குள் நுழையும் சொல் ஒன்று; திசைவியின் அமைப்புகளைத் திறக்கும் சொல் மற்றொன்று; கூகுள் போன்ற கணக்குகளுக்குரிய சொல் மூன்றாவது. ஒன்று கேட்கும் இடத்தில் மற்றொன்றை எழுதிவிட்டு, பெட்டி கெட்டுவிட்டது என்று சொல்பவரே மிகுதி.

அருகலைச் சொல் மறந்துபோயிற்று என்றால், அதைத் தொலைக்காட்சியிடம் கேட்டுப் பயனில்லை. பெரும்பாலான தொலைக்காட்சிகள் தாம் காத்து வைத்திருக்கும் சொல்லை வெளியே காட்டமாட்டா. திசைவியைத் திருப்பிப் பாருங்கள். யாரும் மாற்றாதிருந்தால் ஒட்டுத்தாளில் இருப்பதுதான் சொல். மாற்றியிருந்தால், முன்பே அந்த அருகலையில் இணைந்துள்ள திறன்பேசியை எடுங்கள். ஆண்டிராய்டுப் பேசிகளில் 2019இல் வந்த பத்தாம் பதிப்பு முதல், அருகலை அமைப்பில் பகிர் என்னும் இடத்தைத் தொட்டால் கறுப்பும் வெள்ளையுமான சதுரக்குறி ஒன்று தோன்றும்; பல பேசிகளில் அதன் கீழேயே கடவுச்சொல் எழுத்தாக இருக்கும். ஆப்பிள் பேசிகளில் 2022இல் வந்த பதினாறாம் பதிப்பு முதல் அமைப்புகளிலேயே சொல்லைக் காணலாம். சொல்லை அறிந்துகொண்டபின் தொலைக்காட்சிக்கு வாருங்கள். அமைப்புகள், அதில் இணையம், அதில் உங்கள் அருகலைப்பெயர். பழைய சொல் அங்கே தங்கியிருந்தால் முதலில் அதை மறக்கச் செய்யவேண்டும்; மறக்கச் செய்வதற்கென்றே ஒரு தெரிவு உண்டு. பின்னர் அதே பெயரைத் தெரிந்தெடுத்துச் சொல்லை எழுதினால் வேலை முடிந்தது.

சொல்லையே மாற்றவேண்டுமென்றால் திசைவிக்குள் போகவேண்டும். அருகலையில் இணைந்த பேசியின் உலாவியில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ எழுதினால் பல திசைவிகளின் வாயில் திறக்கும். எந்த எண் என்பதும் ஒட்டுத்தாளில் இருக்கும். அங்கே மாற்றியபின் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியிலும் புதுச்சொல்லை எழுதவேண்டும் என்பதை மறவாதீர். திசைவியின் பின்புறத்தில் குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் எல்லாம் பிறந்தமேனிக்குத் திரும்பிவிடும் என்று இளைஞர்கள் சொல்வார்கள். மெய்தான், ஆனால் கண்ணாடியிழை இணைப்புள்ள வீட்டில், இணைப்புக்காரர் எழுதிவைத்த அமைப்பும் சேர்ந்தே அழிந்துபோகக்கூடும். பிறகு தொலைக்காட்சி மட்டுமன்று, வீட்டு இணையமே இராது. அந்தத் துளையைக் கடைசி வழியாகவும் இணைப்புக்காரரைக் கேட்ட பின்னரும் மட்டுமே தொடுக.

இவ்வளவும் செய்முறை. இனித்தான் நம் இயக்கத்துக்குரிய செய்தி.

கடவுச்சொல்லைத் தமிழில் வைக்கலாமா? அருகலைப் பூட்டுக்கு மின், மின்னணுப் பொறியாளர் கழகம் 2004இல் வகுத்த முறையே இன்றும் நம் வீடுகளில் பெருவழக்கு. அதன்படி கடவுச்சொல் 8 முதல் 63 குறிகள் வரை இருக்கலாம். அக்குறிகள் 1960களில் அமெரிக்கர் தம் மொழிக்கென வகுத்த ஆசுகிப் பட்டியலிலிருந்தே வரவேண்டும். ஆங்கில எழுத்து பெரிதும் சிறிதுமாக 52, எண் 10, வெற்றிடத்தோடு பிற குறிகள் 33, ஆக 95. இத் தொண்ணூற்றைந்தில் தமிழெழுத்து ஒன்றுகூட இல்லை. தமிழுக்கு மட்டும் செய்த ஓரவஞ்சனை என்று சொல்லமாட்டேன். சீனருக்கும் அரபியருக்கும் இடமில்லை, பிரெஞ்சுக்காரரின் ஒலிக்குறி எழுத்துக்கும் இடமில்லை. ஆனாலும் வீடு நம்முடையது, பூட்டு நம்முடையது, திறவுகோல் மட்டும் அயலெழுத்து.

இதனால் நேரும் அல்லலைப் பாருங்கள். தமிழ்ப்பற்றுள்ள ஒருவர் தமிழ்ச்சொல் ஒன்றையே ஆங்கில எழுத்தால் எழுதிக் கடவுச்சொல்லாக்குகிறார் என வைத்துக்கொள்வோம். தந்தை ழகரத்துக்கு ஈரெழுத்து இடுகிறார். மகள் ஓரெழுத்து இடுகிறாள். தகரத்துக்கு ஒருவர் ஓரெழுத்து, மற்றவர் ஈரெழுத்து. நெடிலுக்கு ஒருவர் இரட்டிக்கிறார், ஒருவர் இரட்டிப்பதில்லை. தமிழ் என்னும் நம் மொழிப்பெயரையே ஒரு குடும்பத்தில் நால்வர் நால்வகையாக எழுதுவர். நாவிலே ஒரே சொல், திரையிலே நான்கு சொல்! போதாக்குறைக்குத் தமிழில் இல்லாத பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு வேறு. சுழியும் ஓகாரம்போல் வட்டமாயிருக்கும் ஆங்கில எழுத்தும் உருவொத்து நின்று ஏமாற்றும். நமக்கென வகுத்த எழுத்தில் எழுதினால் இந்த மயக்கம் இராது.

இதற்கிடையே நாம் செய்யக்கூடியதும் உண்டு. நூற்பெயரும் தலைவர் பெயரும் எளிதில் ஊகிக்கப்படுவன. அவற்றையும் பேசியெண்ணையும் தவிர்த்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாட்டுப்புறச் சொற்கள் நான்கைச் சேர்த்து, எல்லாம் சிறிய எழுத்தில் எழுதுங்கள். நீளமே வலிமை. எழுதியபடியே ஒரு தாளில் குறித்து வீட்டில் காப்பான இடத்தில் வையுங்கள். எழுதும்போது சொல்லைக் காட்டு என்னும் தெரிவு இருந்தால் அதைத் தொட்டுவிட்டு எழுதினால் பிழை குறையும்.

கடவுச்சொல்லில் மறுக்கப்பட்டது அருகலைப்பெயரில் மறுக்கப்படவில்லை. பெயரைத் தமிழில் வைக்கலாம். சில திசைவிகள் ஏற்கமாட்டா, ஏற்பவையும் உள. ஆனால் அங்கும் ஓர் இடர். பெயருக்குத் தரப்பட்டிருப்பது பைட்டு என்னும் அளவில் 32 இடம். ஆங்கில எழுத்துக்கு ஓரிடம் போதும். ஆகவே 32 எழுத்து எழுதலாம். ஒருங்குறியின் பெருவழக்கான முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்றிடம் கொள்ளும். ஆகவே பத்துக் குறியே கொள்ளும். அதிலும் நம் உயிர்மெய்யை அவர்கள் ஓரெழுத்தாக எண்ணுவதில்லை. இலத்தூர் என்பது நமக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறிக்கோ எட்டுக் குறி. தகர மெய்க்குப் புள்ளி தனி, தூகாரத்துக்குக் கொம்பு தனி, ரகர மெய்க்குப் புள்ளி தனி. எட்டு மூன்று இருபத்துநான்கு. நம் ஊர் தப்பித்தது. செங்கோட்டை பத்துக் குறி, முப்பதிடம், மயிரிழையில் தப்பியது. சங்கரன்கோயில்? எட்டே எழுத்து, ஆனால் பதின்மூன்று குறி, முப்பத்தொன்பதிடம். உள்ளே நுழையாது!

நடுவணரசு இந்திய மொழிகட்கெல்லாம் ஒரே அச்சாக 1988இல் வார்த்த குறிமுறையைப் பின்பற்றித் தமிழுக்கும் ஒருங்குறியில் 128 இடமே ஒதுக்கியதன் விளைவு இது. ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தரும் பதினாறு துணுக்கு அனைத்தெழுத்துக் குறிமுறையை நம் அறிஞர்கள் வகுத்தார்கள். 2010இல் தமிழ்நாட்டரசு அதற்கு ஏற்பும் அளித்தது. அது உலகக் கருவிகளில் இடம்பெற்றிருந்தால் சங்கரன்கோயில் எட்டெழுத்தாகவே இருபத்துநான்கு இடத்தில் அமர்ந்திருக்கும். இலக்கணம் வேறு, கணினி வேறு என்பாரை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொல்காப்பியம் எழுத்தை எண்ணிக்கொண்டுதான் தொடங்குகிறது. எண்ணுவதைப் பிறரிடம் விட்டுவிட்டால் ஊர்ப்பெயரும் கையைவிட்டுப் போகும்.

சங்கரன்கோயிலை இங்கு எடுத்துக்காட்டியது வேண்டுமென்றுதான். மொழிஞாயிறு பாவாணர் 1902இல் பிறந்த ஊர் அது. 2019இல் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து நம் மாவட்டத்து ஊரும் ஆயிற்று. அவரை இயக்குநராகக் கொண்டு 1974இல் தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் வழிவந்த இயக்ககம் இன்று சொற்குவை என்னும் பெயரில் கலைச்சொற்களை இணையத்தில் தொகுத்து வருகிறது. சொல் இல்லை என்று இனி எவரும் சொல்வதற்கில்லை. ஆண்டிராய்டில் இயங்கும் தொலைக்காட்சிகள் பலவற்றில் மொழித்தெரிவில் தமிழ் இருக்கிறது. மாற்றிப் பார்த்தேன். அமைப்புகள் என்றும் கடவுச்சொல் என்றும் நல்ல தமிழ் வருகிறது; அடுத்த வரியிலேயே நெட்வொர்க் என்றும் வைஃபை என்றும் ஒலிபெயர்ப்பு வந்து நிற்கிறது. அரைத்தமிழ்தான். எனினும் முழு ஆங்கிலத்தைவிட அந்த அரைத்தமிழ் ஆச்சிக்குப் பயன்பட்டிருக்கும். தூய்மை போதவில்லை என்று சொல்லி அதையும் தள்ளிவிடுவோர் நம்முள் உண்டு, அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உள்ளே புகுந்து பயன்படுத்திக்கொண்டே திருத்தக் கேட்கவேண்டும். எவரும் தெரிந்தெடுக்காத மொழியைத் திருத்த எந்த நிறுமமும் முன்வராது.

தொலைக்காட்சியே தமிழ்க்கேடு, அதை வீட்டைவிட்டு அகற்றுக என்பாரும் இங்கே அமர்ந்திருக்கக் காண்கிறேன். 2006க்குப் பின் அரசே வீடுதோறும் வண்ணத் தொலைக்காட்சி வழங்கிய நாடு இது. அரசுத் தொடக்கப்பள்ளிகளிலேயே திறன்மிகு வகுப்பறைத் திரை வந்துவிட்ட காலம் இது. அகற்றச் சொல்லும் நண்பர் வீட்டிலும் பெட்டி இருக்கிறது, என்னைவிடப் பெரியது.

வாயிலருகே இரண்டு தாள் வைத்திருக்கிறோம். ஒன்றில் நான் சொன்ன செய்முறை பெரிய எழுத்தில் உள்ளது. திசைவிக்கு அருகில் ஒட்டிவைக்கலாம். மற்றொன்று தொலைக்காட்சி விற்போர்க்கும் இணைப்புத் தருவோர்க்கும் அனுப்பும் வேண்டுகை மடல். கேட்பவை மூன்றே. ஒட்டுத்தாளில் தமிழும் இருக்கவேண்டும். புதுத்தொலைக்காட்சியை வீட்டில் மாட்டும்போது மொழியைக் கேட்டுவிட்டு மாட்டவேண்டும். திசைவி மாற்றும் பணியாளர் கடவுச்சொல்லை வீட்டார் கையில் எழுதிக் கொடுத்துவிட்டே வெளியேறவேண்டும். கையொப்பத்தைத் தமிழில் இடுங்கள். முன்னெழுத்தையும் தமிழிலேயே இடுங்கள். திறன்பேசியோடு வந்திருப்போர்க்கு அருகலைப்பெயரைத் தமிழில் மாற்றும் வழியை இளைஞர் இருவர் பின்வரிசையில் அமர்ந்து காட்டித் தருவர். தாய்மார்கள் முதலில் செல்க.