அடிக்குறிப்பும் ஆய்வாளர் நாணயமும்



நான் வாழும் முகத்துவாரத்திலே களனி கங்கை கடலோடு கலக்கின்றது. மலைநாட்டிலே ஊற்றெடுத்து ஓடிவரும் அவ்வாறு எங்கள் கரையை அடையும்போது எத்தனையோ ஓடைகளின் நீரைத் தன்னுட் கொண்டிருக்கின்றது. எந்தத் துளி எந்த ஓடைக்கு உரியது என்று அங்கே நின்று கூறல் இயலாது. நதிமூலம் பார்த்தல் ஆகாது என்று பெரியோர் சொல்வதுண்டு. ஆனால் ஆய்வுக் கட்டுரை எழுதப் புகுந்தவருக்கு அப்பழமொழி பொருந்தாது. அவர் ஒவ்வொரு துளிக்கும் மூலம் காட்டக் கடமைப்பட்டவர்.

சில மாதங்களுக்கு முன்னர், எங்கள் அயலிலே வாழும் இளம் ஆசிரியை ஒருவர் என்னைத் தேடி வந்தார். எங்கள் கரையோர மீனவரின் தொழிற்சொற்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, ஆய்வுச் சஞ்சிகை ஒன்றிலிருந்து திரும்பி வந்திருந்தது. உசாத்துணைகளைச் சீர்செய்து மீண்டும் அனுப்புக என்பதே பதிப்பாசிரியரின் குறிப்பு.

"ஐயா, இரண்டு ஆண்டு உழைத்தேன். காற்புள்ளிக்கும் அரைப்புள்ளிக்குமாகவா திருப்பி அனுப்புவது?" என்றார்.

"பிள்ளை, கட்டுரையை இங்கே வையும், பார்ப்போம்" என்றேன். அன்று மாலை முழுவதும் இருவரும் அதனோடு இருந்தோம்.

புள்ளிகளைப் பற்றிய பிணக்குப் பெரிதன்று. சிக்காகோ பல்கலைக்கழக அச்சகத்தார் 1906இலே தம் விதிநூலை வெளியிட்டனர். அமெரிக்க உளவியலாளரின் விதிகள் 1929இலே ஏழு பக்க அளவில் வெளிவந்தன. மருத்துவச் சஞ்சிகைகளின் பதிப்பாசிரியர் சிலர் 1978இலே வன்கூவர் நகரிற் கூடி மற்றொரு முறையை வகுத்தனர். ஒன்று அடிக்குறிப்பை விரும்பும். ஒன்று ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் இடும். ஒன்று வெறும் எண்ணை இடும். எச்சஞ்சிகைக்கு எழுதுகின்றோமோ அதன் முறையைத் தொடக்கம் முதல் இறுதிவரை வழுவாது பின்பற்றினாற் போதும். எம்முறையாயினும் கேட்கும் கேள்விகள் ஒன்றே: சொன்னவர் யார்? எந்த ஆண்டு? எந்நூல்? எப்பதிப்பு? எப்பக்கம்?

அக்கேள்விகளை வரிசையாகக் கேட்டபோதுதான் கட்டுரையின் உண்மைக் குறைகள் வெளிப்பட்டன.

முதற்குறை ஆண்டிலே இருந்தது. பழைய நூலொன்றின் முகப்பிலே விரோதி வருடம் என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. ஆசிரியை அதனை 1949 என்று எழுதியிருந்தார். அறுபதாண்டு வட்டத்திலே விரோதி 1889இலும் தொடங்கியது, 1949இலும் தொடங்கியது. நூலாசிரியரோ 1949க்கு வெகுகாலம் முன்னரே மறைந்தவர். அச்சிட்டதும் அவர் வாழ்நாளிலேயே. எனவே 1889 என்பதே பொருந்தும். ஒரு சொல் இக்கரைக்கு அண்மையிலே வந்தது என்பது கட்டுரையின் முடிபுகளுள் ஒன்று. ஆண்டு திருந்தியதும் அம்முடிபு அறுபது ஆண்டு பின்னே சரிந்து வீழ்ந்தது.

இரண்டாவது குறை பெயரிலே. மேனாட்டார் குடும்பப் பெயரை முன்னே நிறுத்துவர். நமக்கோ முதலெழுத்து பெரும்பாலும் தந்தையின் பெயரைக் குறிப்பது. அறியாது இடம் மாற்றினால், நூலை எழுதிய மகன் மறைந்து தந்தை ஆசிரியராகிவிடுவார். சேவியர் தனிநாயகம், தனிநாயக அடிகள் என்று இரு வடிவங்களை இரு இடங்களில் எழுதினால், ஒருவரே இருவராகத் தோன்றுவார். அவ்வடிகளோ 1952இலே தமிழ்ப் பண்பாடு பற்றிய ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கியவர். 1966இலே தமிழியல் நூல்களுக்கு ஓர் உசாத்துணை வழிகாட்டியையே வெளியிட்டவர்!

மூன்றாவது குறை நாணயத்தைத் தொட்டது. தாம் காணாத நூலொன்றைக் கண்டவர்போல ஆசிரியை சான்று காட்டியிருந்தார். பிற்காலத்தார் ஒருவரின் நூலிலிருந்து எடுத்த மேற்கோள் அது. அவர் பக்க எண்ணைப் பிழையாகத் தந்திருந்தார். அப்பிழையும் கூடவே வந்துவிட்டது. இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுதல் இழிவன்று. காணாததைக் கண்டதாகக் காட்டுதலே இழிவு.

நேயர்களே, இவை சிறு விடயங்கள் என்று எண்ணவேண்டா. வளையாபதி என்னும் காப்பியம் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. உரையாசிரியர்களும் தொகுப்பாளர்களும் எடுத்தாண்ட செய்யுள்களாலேயே அது இன்று அறியப்படுகின்றது. நூல் அழிந்தது, மேற்கோள் அழியவில்லை. எனினும் பண்டை உரையாசிரியர் பல இடங்களில் நூற்பெயரைச் சொல்லாது சென்றனர். 1887இலே சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையிலுள்ள மேற்கோள்களின் மூலத்தைத் தேடி ஏட்டுச்சுவடிகளைப் புரட்டிப் புரட்டி உழைக்கவேண்டியிருந்தது.

நம் நாட்டிலும் அத்தகைய அழிவைக் கண்டோம். 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. எரிந்துபோன அரிய நூலொன்றை முன்னர் எவரேனும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றுடன் குறித்திருப்பாராயின், அவ்வடிக்குறிப்பே இன்று அந்நூலுக்குச் சாட்சி. 2005 தொடக்கம் நூலகம் என்னும் இணைய நூலகத்தார் ஈழத்து நூல்களை எண்ணிட்டு மின்வடிவிலே பேணிவருகின்றனர். அங்கே கண்ட நூலை அவ்வெண்ணோடு குறித்தல் நன்று. இணையப் பக்கமாயின் பார்த்த நாளையும் எழுதுக. பக்கங்கள் நாளை மாறலாம்.

ஆசிரியையின் கட்டுரையில் நான்காவது குறையும் இருந்தது. அவர் தந்த சொற்களுட் பாதிக்கு மேல் எங்கள் கரையிலே வாழும் முதிய மீனவர் ஒருவர் சொன்னவை. கட்டுரையில் அவர் பெயர் எங்கும் இல்லை.

"அவர் நூல் எழுதவில்லையே, ஐயா?" என்றார் ஆசிரியை.

"நூல் எழுதினவருக்குத் தந்த மதிப்பை, அந்நூலுக்கு வேண்டிய சொல்லைத் தந்தவருக்கும் தரவேண்டாமா, பிள்ளை?" என்றேன்.

சம்மதம் பெற்று அவர் பெயர், வயது, ஊர், உரையாடிய நாள் ஆகியவற்றைக் குறிப்பது என்று முடிவாயிற்று. மறுநாள் இருவரும் கடற்கரைக்குச் சென்றோம். வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அப்பெரியவரிடம் ஆசிரியை குறிப்பை வாசித்துக் காட்டினார். அவர் கைவேலையை நிறுத்திச் சிறிது நேரம் யோசித்தார்.

"அதிலே நாலு சொல்லு என்ரை அப்பு சொல்லித் தந்தது, பிள்ளை. அவற்றை பேரையும் போடுங்கோ" என்றார்.

எவ்விதிநூலையும் அவர் கண்டவரல்லர். ஆயினும் நாங்கள் ஒரு மாலை முழுவதும் ஆராய்ந்து உணர்ந்ததை அவர் ஒரு வார்த்தையிற் சொல்லிவிட்டார். அக்கட்டுரை திருத்தப்பெற்று மீண்டும் சென்றிருக்கின்றது. அதன் அடிக்குறிப்பொன்றிலே இப்பொழுது தந்தையும் மகனுமாக இரு மீனவர் இருக்கின்றனர்.