மனச்சிதைவுற்றோரும் நம் இல்லங்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். மனச்சிதைவு நோயுற்றவரை வைத்துப் பேணும் இல்லங்கள் நம் குடியிருப்பிலும் உள்ளன. அவற்றைப் பற்றி நாம் மறைவில் பேசுவது மிகுதி, அவையில் பேசுவதில்லை. ஆதலின் இன்று துணிந்தோம்.

ஓர் இல்லத்தார் நோயாளரை நன்கு பேணுகின்றனரா என்பதை எதைக்கொண்டு அளப்பது? வேளைக்கு உணவும் மருந்தும் கொடுத்தால் போதும் என்பர் பலர். 1958இல் இலண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்னும் அறிஞரும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வு வேறொன்றை உணர்த்தியது. மருத்துவமனையினின்று பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிய ஆடவர், வாடகை அறைகளிலும் உடன்பிறந்தாரிடத்தும் தங்கியோரைவிடத் தேறாதிருந்தனர்.

அன்பின்மையா காரணம்? அன்று. வீட்டாரின் பேச்சில் குறைகூறலும் வெறுப்பும் அளவுமீறிய கவலையும் எத்துணை என்பதே பெரிதும் கருதத்தக்கது எனப் பின்னர்த் தெளிந்தனர். இதனை அளப்போர் வீட்டாருடன் நெடுநேரம் உரையாடுவர். சொல்லோடு குரலையும் குறித்துக்கொள்வர். "அவன் படுக்கையை விட்டு எழுவதேயில்லை" என்பதை வருத்தமாகவும் சொல்லலாம்; வசையாகவும் சொல்லலாமன்றோ? எழாமை சோம்பலன்று; அந்நோயின் கூறுகளுள் ஒன்று. இதை அறியாமல் நாள்தோறும் இடித்துரைப்பவர் தீயவர் அல்லர், களைத்தவர்.

1987இல் வெளியான சண்டிகர் ஆய்வில், அந்நகரத்து இல்லங்களில் இக்கடுமை இலண்டனைவிடக் குறைவெனக் கண்டனர். மகிழத்தக்கதே. ஆயினும், ஊரில் அத்தையும் சித்தியும் பகிர்ந்துகொள்ளும் சுமையை இங்கே இரண்டறைக் குடியிருப்பில் ஒரு தாயே சுமக்கின்றாள் என்பதை நாம் எண்ண வேண்டும். 1950களில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரமடித்து வீட்டாரையும் நோயாளருடன் தங்கச் செய்தார். வீட்டாருக்கும் கற்பிக்க வேண்டும், துணை நிற்க வேண்டும் என்பதை அவர் அன்றே கண்டவர்.

வீட்டாரின் சுமையை அளக்க 1981இல் ஷைலா பையும் ஆர். எல். கபூரும் ஒரு வினாநிரலை வெளியிட்டனர். பணம் எவ்வளவு கரைந்தது, அன்றாட வேலை எங்ஙனம் குலைந்தது, ஓய்வு உண்டா, பேணுவோரின் உடலும் உள்ளமும் எந்நிலையில் உள்ளன என்றெல்லாம் அது வினவும். உறவினரும் அண்டை அயலாரும் வருவதைக் குறைத்துக்கொண்டனரா என்றும் ஒரு வினா அதில் உண்டு. அவ்வொன்றுக்கு விடை வீட்டாரிடம் இல்லை, நம்மிடம் உள்ளது.

இவ்விழாவின் அழைப்பிதழைக் கொடுக்க அத்தகைய ஓர் இல்லத்திற்குச் சென்றோம். வாயிலிலேயே நின்றோம். அவ்வம்மையார் உள்ளே வந்து அமருமாறு இருமுறை வேண்டினார். நேரமில்லை என்றோம். பின்னர் அடுத்த வீட்டில் அமர்ந்து, ஆறுதலாகக் காப்பி அருந்தினோம்.