அடுத்த இயங்குதளத்தில் தமிழுக்கு எவ்விடம்?

(காவேரிப்பாக்கத்தில் தமிழன்பர் கூடிய அவையில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



புதிய இயங்குதளம் ஒன்று வரப்போகிறது என்னும் செய்தி வெளியானவுடன் அதன் வனப்புகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. திரை எவ்வாறு ஒளிரும், பொறி எத்துணை விரைவில் விழிக்கும், வாயால் சொன்னதைக் கேட்டு எங்ஙனம் எழுதும் என்றெல்லாம் இளைஞர்கள் ஆவலோடு பேசிக்கொள்கின்றனர். தமிழர் கேட்க வேண்டிய கேள்வியோ வேறு. அவ்வியங்குதளத்தின் அடித்தளத்தில் தமிழ் இருக்குமா? இருப்பின், தன் இலக்கணத்தோடு இருக்குமா, பிறமொழி அச்சில் வார்க்கப்பெற்று இருக்குமா?

இயங்குதளம் என்பது யாது என்று மலைப்போர் இவ்வூர் ஏரியை எண்ணிப் பார்த்தல் போதும். பாலாற்று அணைக்கட்டினின்று கால்வாய் வழியே வந்த நீர் ஏரி நிறையக் கிடந்தாலும், மதகு திறக்கும் பக்கத்து வயல்தான் விளையும். கணிப்பொறியின் ஆற்றல் ஏரிநீர். எழுதவும் கணக்கிடவும் படம் பார்க்கவும் உதவும் மென்பொருள்கள் வயல்கள். இடையில் நின்று பகிர்ந்துவிடும் மதகும் வாய்க்காலுமே இயங்குதளம். மதகில் வழியில்லாத வயலுக்கு எத்துணை நாள்தான் குடத்தில் மொண்டு ஊற்றுவது?

அப்படி மொண்டு ஊற்றிய காலமும் ஒன்று இருந்தது. 1990-களில் தமிழ் மென்பொருள் செய்தோர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டனர். ஒரு பொறியில் எழுதிய மடல் மற்றொரு பொறியில் வெறுங் கிறுக்கலாகத் தெரிந்தது. இக் குழப்பத்தைத் தீர்க்கவே 1997-இல் சிங்கப்பூரிலும், 1999 பிப்பிரவரியில் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு வரையறுத்ததே தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் வலக்கைக்கும் பகுக்கப்பெற்றன. ககரத்தை இருமுறை தட்டினால் முதலதற்குப் புள்ளி தானே விழும். நகரத்தை அடுத்துத் தகரம் தட்டினாலும் அவ்வாறே. வல்லெழுத்து இரட்டுதலும் இனவெழுத்து மயக்கமும் அறிந்தவர் செய்த அமைப்பு அது. விரலுக்குள் இலக்கணத்தை வைத்தார்கள் எனில் மிகையன்று.

அடுத்த ஆண்டே, 2000 பிப்பிரவரியில், விண்டோசு 2000 வெளிவந்தது. மைக்குரோசாப்டு நிறுவனத்தின் இயங்குதளத்துள் தமிழ் முதன்முறையாக நுழைந்தது அப்போதுதான். தமிழர் மகிழ்ந்தனர், மகிழ்ச்சிக்கு இடமும் இருந்தது. ஆயினும் உள்ளே பார்த்தால், விசைப்பலகை தமிழ்99 அன்று. நாகரி எழுத்தின் முறையை அடியொற்றி நடுவண் அரசு வகுத்த இன்சுகிரிப்டு. தமிழ்99 அவ்வியங்குதளத்துள் இயல்பாக இடம்பெறப் பல்லாண்டுகள் ஆயின. உடன் வந்த தமிழ் எழுத்துருவின் பெயர் 'இலதா'. கொடி என்னும் இனிய சொல் பெயரிட்டோர் காதில் விழவில்லை போலும்!

இந்நிலை ஏன் நேர்ந்தது? இயங்குதளம் வெளிவந்த நாளில் நேர்ந்த பிழையன்று இது. அதற்கு நெடுநாள் முன்பே தமிழின் இடம் முடிவாகிவிட்டது. இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே அச்சு என்னும் எண்ணத்தோடு நடுவண் அரசு 1988-இல் வகுத்த குறியீட்டு முறையைப் பின்பற்றியே 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பரப்பு ஒதுக்கப்பெற்றது. தமிழ் இலக்கணப்படி உயிரும் மெய்யும் முதலெழுத்துகள். அவை கூடியே உயிர்மெய் பிறக்கும். ஒருங்குறியிலோ அகரமேறிய ககரமே முதலாக நிற்கிறது. புள்ளி என்னும் தனிக்குறி பின்னால் வந்து, அகரத்தை நீக்கி, மெய்யை உண்டாக்குகிறது. பிள்ளையைக் கொண்டு தாயைப் பெறுவித்த கதை!

இது புலவர்களின் வெறும் மனக்குறை அன்று. 'தமிழ்' என்னும் சொல்லுக்கு எழுத்து எத்தனை என்று தொடக்கப்பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்னும். ஒருங்குறியை அப்படியே எண்ணும் மென்பொருள் ஐந்து என்னும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என அது தனித்தனியே எண்ணுகிறது. அகரவரிசையிலும் இக் கேட்டைக் காணலாம். நாகரியோடு ஒப்புநோக்கி அடுக்கியமையால், ஒருங்குறிப் பரப்பில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகரமும் ழகரமும் வகரத்திற்கு முன்பும் நிற்கின்றன. தமிழ் அகரமுதலியில் 'வழி' முந்தும், 'வளம்' பிந்தும். இவ்வரிசையை அறியாத மென்பொருளில் 'வளம்' முந்திவிடும். முறையான அகரவரிசையைத் தனியே எழுதிச் சேர்த்த இயங்குதளம் இதனைச் சரிசெய்துகொள்ளும், சேர்க்காதது செய்யாது. வாக்காளர் பட்டியலும் நூலகப் பட்டியலும் கணிப்பொறிக்குள் சென்றுவிட்ட காலத்தில் இது சிறு செய்தியா?

ஒருங்குறி அவையத்தின் நெறிப்படி, எழுத்துக்கு ஒருமுறை தந்த இடத்தைப் பின்னர் மாற்றவோ நீக்கவோ இயலாது. இராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடுவோர்க்கு இந்நிலை நன்கு விளங்கும். ஊறவைத்துச் சுண்ணாம்பிலிட்டு மயிர் நீக்கிப் பதம் செய்யும்போது விட்ட குறையைக் கடைசியில் மெருகேற்றித் தீர்க்க முடியாது. 1991-இல் பதம் செய்த தொட்டியருகே தமிழர் நிற்கவில்லை.

காலங்கடந்து கேட்டதன் விளைவும் கண்கூடு. தமிழெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்துக் குறியீட்டைத் தமிழறிஞரும் கணிப்பொறி அறிஞரும் வகுத்தனர். 2010 சூன் திங்களில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அதனையும் ஏற்று ஆணையிட்டது. ஆனால் அதற்குக் கிடைத்தது ஒருங்குறியின் தனிப்பயன் பரப்பே. எவர் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தும் புறம்போக்கு அது. அங்கு நிற்பது தமிழ் என்று இயங்குதளங்கள் தாமாக அறிவதில்லை. இவ்வளவும் சொன்னமையால் ஒருங்குறியால் பயனே இல்லை என்று எண்ணிவிடலாகாது. கைப்பேசி தோறும் தமிழ் ஓடுவது அதனால்தான். குறையை அறிந்து பயன்கொள்வதே அறிவுடைமை.

உரிய நேரத்தில் விழித்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 2010 சான்று. தமிழ்ப் பரப்பினுள் 26 கிரந்த எழுத்துகளைச் சேர்க்க வேண்டும் என்று ஒருங்குறி அவையத்தின் முன் அப்போது ஒரு முன்மொழிவு வைக்கப்பெற்றது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு மூண்டது. அறிஞர் எழுதினர், இயக்கங்கள் குரலெழுப்பின, தமிழ்நாட்டரசு நடுவண் அரசுக்கு மடல் விடுத்தது. அவ்வெழுத்துகள் தமிழ்ப் பரப்பில் சேரவில்லை. 2014-இல் வந்த ஒருங்குறி 7.0 பதிப்பில் கிரந்தத்துக்குத் தனிப்பரப்பே ஒதுக்கப்பெற்றது. கிரந்தம் வேண்டுவோர் அங்குச் சென்று எழுதிக்கொள்ளட்டும்; எவர்க்கும் தடையில்லை.

இனி இடைமுகச் சொற்கள். கோப்பு, கோப்புறை, சுட்டி, உலாவி, கடவுச்சொல் என நல்ல தமிழ்ச் சொற்கள் திரையேறிவிட்டன. கட்டற்ற இலினக்சு இயங்குதளங்களுக்காக ஊதியமின்றி இரவெல்லாம் விழித்து மொழிபெயர்த்த இளைஞர்களின் பங்கு இதில் பெரிது. 'விண்டோ' என்பதற்குச் சாளரம் வழக்கூன்றிவிட்டது. சாளரமும் காலதரும் சிலப்பதிகாரத்தில் பயின்ற சொற்களே. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஆங்கிலச் சொல்லும் பழைய வட ஐரோப்பிய மொழியில் 'காற்றின் கண்' எனப் பொருள்பட்ட சொல்லினின்று வந்ததே. இரு மொழியினரும் ஒரே பலகணியருகே நின்று ஒன்றே நினைத்திருக்கின்றனர்! இத்தகைய சொல்வளம் இருந்தும், திங்கட் பெயர்கள் பல பொறிகளில் இன்றும் கிரந்த எழுத்தோடுதான் தோன்றுகின்றன. நாள், திங்கள், எண் முதலிய மொழித்தரவுகளை இயங்குதளங்கள் ஒருங்குறி அவையம் பேணும் பொதுக் களஞ்சியத்தினின்று எடுத்துக்கொள்கின்றன. அக்களஞ்சியத்துக்குத் திருத்தம் முன்மொழியவும் வாக்களிக்கவும் வழியுண்டு. தமிழாசிரியர்கள் நுழைய வேண்டிய வாயில் அது.

இப்போது இதனைப் பேசுவதற்குக் கரணியம் உண்டு. விண்டோசு 10-க்கான பொதுப் பேணுகை 2025 அக்தோபர் 14-இல் முடிந்தது. பழைய பொறிகள் பல, அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி இல்லாதவை. பள்ளியும் அலுவலகமும் புதியதை நோக்கி நகர்ந்தே தீரவேண்டும். தமிழ்நாட்டரசோ ஈராண்டில் கல்லூரி மாணவர் 20 இலக்கம் பேர்க்குக் கணிப்பொறிக் கருவிகள் வழங்கப்பெறும் என 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. இத்துணைப் பெருந்தொகை வாங்குவோர் சொல்லை எந்த நிறுவனமும் தட்டாது. ஒப்பந்தப் புள்ளியிலேயே வரி சேர்க்கலாம்: தமிழ்99 இயல்பாகவே இருத்தல் வேண்டும், அகரவரிசை பிறழாதிருத்தல் வேண்டும், பொறியைத் திறந்தவுடன் முதல் திரை தமிழில் பேசுதல் வேண்டும். இயங்குதளம் செய்வோர் முழுப்பதிப்புக்கு முன்னர் வெள்ளோட்டப் பதிப்பை வெளியிட்டுப் பொதுமக்களின் குறைகேட்கின்றனர். ஆங்கிலத்தில் ஒரு புள்ளி பிசகினும் ஆயிரம் பேர் எழுதுகின்றனர். தமிழ்க் குறைகளையும் அவ்வாறே எழுத வேண்டும்.

கடையில் பொறி வாங்குவோரும் இவற்றைத் தாமே ஆய்ந்து பார்க்கலாம். தமிழ் இடைமுகம் உண்டா என்று அமைப்புகளில் தேடுக. கோப்பு ஒன்றுக்கு 'வளம்' என்றும் மற்றொன்றுக்கு 'வழி' என்றும் பெயரிட்டு, பெயர்வரிசையில் அடுக்கச் செய்க. 'தமிழ்' என்று எழுதி, அழிப்பு விசையை ஒருமுறை தட்டுக. புள்ளி மட்டும் மறைகிறதா, முழு எழுத்தும் மறைகிறதா என்று நோக்குக. கண்டதைத் தாளில் குறித்துக் கடைக்காரரிடம் ஒரு படி, செய்த நிறுவனத்துக்கு ஒரு படி எனக் கொடுத்துவிட்டு வருக.